ஒன்பதாம் கம்பி

வட்டவளையில் மழை விடுகிற நாளை
நாட்காட்டியில் வட்டம் போட்டு வைப்போம்.
அன்று வட்டமில்லாத நாள்.
தகரக் கூரைக்குக் கீழே பதினெட்டு மீற்றர் அச்சு,
அதற்குள் பதினான்கு கம்பிகள்.
ஜாக் இழுத்த இழுப்பில்
ஒன்றும் பேசாமல் விறைத்துக் கிடந்தன.

கம்பி என்று சொல்வதுதான், ஒன்றில்லை.
நடுவில் நேராக ஒரு இழை,
அதைச் சுற்றிக் கயிறாக முறுக்கிய ஆறு.
அந்த முறுக்கின் பள்ளங்களில்
கொங்கிரீட் பல் முளைத்துக் கடிக்க வேண்டும்.

"துரு பிடித்திருக்கே, தேய்த்து எடுங்கள்" என்றார்
கொழும்பிலிருந்து வந்த கணக்காளர்.
வேண்டாம் சேர் என்றேன்.
விரலில் மஞ்சள் தூளாக ஒட்டுகிற துரு நல்லது,
சொரசொரப்பு இருந்தால்தான் பிடிக்கும்,
வழுக்கல்தான் எங்களுக்குப் பகை.

சொன்னது இந்த வாய்தான்.
பின்னேரம் அச்சுக்கு எண்ணெய் பூசிய சந்தனம்
தூரிகையை உயர்த்தி யாரையோ கூப்பிட்டபோது
ஒன்பதாம் கம்பியில் சொட்டியதைப் பார்த்தேன்.
சட்டைக் கையால் ஒரே ஒரு துடைப்பு.
"சரி, ஊற்றுங்க"
என்றதும் இந்த வாய்தான்.

மூன்று இரவு சாக்குப் போர்த்திக் கிடந்தது.
கியூப் உடைத்தோம்:
முப்பத்தைந்து வேண்டும், முப்பத்தொன்று வந்தது.
குளிரில் கொங்கிரீட்டுக்கும் சோம்பல்.
இன்னும் ஒரு இரவு.

ஐந்தாம் நாள் காலை
குணதிலக்க காஸ் விளக்கைக் கொளுத்தினான்.
இடதில் ஒன்று, வலதில் ஒன்று,
ஒரு பக்கமாகவே அறுத்தால் பீம் கோணிவிடும்.
கம்பி சிவந்து, இளகி,
இழை இழையாக விட்டது.

இழுபட்டபோது நீண்ட கம்பி
மயிரளவு மெலிந்தும் இருந்தது.
விட்டதும் பழைய தடிப்புக்குப் போகப் பார்க்கும்.
நுனியில் போய்விடும்.
உள்ளே விடாது கொங்கிரீட்.
வெளியே பருத்து, உள்ளே மெலிந்து,
தனக்குத் தானே அடித்துக்கொண்ட ஆப்பு.
ஓடப் பார்த்ததே பிடிப்பாக மாறுவதற்கு
ஒன்றேமுக்கால் முழம் போதும்.
அங்கிருந்து மறு நுனிவரை
கம்பி சுருங்கப் பார்க்க
கொங்கிரீட் நெருக்குப்பட்டு நிற்கும்,
விரிசலுக்கு இடமில்லாமல்.

பாரம் ஒன்றும் ஏறவில்லை, அதற்குள்
நடுவில் முதுகை எழுப்பியது பீம்.
சந்தனம் தீப்பெட்டியைப் படுக்கையாக உள்ளே நுழைத்து
எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான்.

நான் முட்டிபோட்டு நுனிகளை அளந்தேன்.
கம்பி எவ்வளவு உள்வாங்கியது?
இரண்டு மில்லிமீற்றர். ஒன்றரை. இரண்டு. இரண்டு.
ஒன்பது: ஏழு.
அளவுகோலைத் துடைத்துவிட்டு மறுபடி.
ஏழு.

இரண்டு முறை சவர்க்காரம் போட்ட சட்டை
கொடியில் இன்னும் காயவில்லை.
கையில் அந்தக் கறை
இருந்த இடத்தில்தான் இருந்தது.

நான்கு என்று எழுதியிருக்கலாம்.
பேனை மூடியைக் கடித்துக்கொண்டு நின்ற நேரம்
ஒரு ரயில் ஊதிப் போனது.
ஏழு என்று எழுதினேன்.

இன்ஜினியர் பஸ்லினா கேட்டது ஒரே சொல்:
"எண்ணெயா?"
"எண்ணெய்தான் மிஸ். நான் பார்க்கத்தான் விழுந்தது."
அவள் என்னை ஒன்றும் சொல்லவில்லை,
அதுதான் சுட்டது.
இரவெல்லாம் கணக்குப் போட்டு
விடிய வந்து சொன்னாள்:
பிடிக்காமல் இல்லை, பிந்திப் பிடிக்கிறது.
ஆறு முழம் உள்ளே போய்.
லொறிச் சில்லுக்குக் கீழே வேண்டாம்,
நடைபாதைக்குக் கீழே போடுவோம்.

இப்போது பாலத்தில் கொழுந்து லொறி போகிறது.
ஸ்கூல் வேன் போகிறது.
வேலை விட்டு நானும் பரமேஸும்
நடைபாதையால் வருவோம்.
வாய் ஓயாமல் பேசுகிறவள் நான் என்பாள்,
பாலம் தொடங்குகிற இடத்தில் மட்டும்
என்னடி திடீரென்று ஊமையாகிறாய்?

நான்கு அடி.
ஐந்தாவதில்
விட்ட கதையைப் பிடித்துக்கொள்வேன்.